த்ரிஷாவின் முதல் படம் எது? சினிமாக் கேள்விகளுக்கு நம்பகமான விடை தேடும் வழி

த்ரிஷாவின் முதல் படம் எது என்று நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘மௌனம் பேசியதே’ என்பார். இன்னொருவர் ‘லேசா லேசா’ என்று மறுப்பார். கொஞ்சம் விவரமானவர் காத்திருந்து ‘ஜோடி’ என்பார். இவர்கள் அடித்துக்கொள்ளத் தேவையே இல்லை. 1999இல் வந்த ‘ஜோடி’யில் கதாநாயகியின் தோழியாக அவர் முகம் தெரியும். நாயகியாக அவர் முதலில் ஒப்புக்கொண்ட படம் ‘லேசா லேசா’. அது தாமதமாகி 2003க்குத் தள்ளிப்போனதால், நாயகியாக அவரை முதலில் தியேட்டருக்குக் கொண்டுவந்தது 2002 டிசம்பரில் வெளியான ‘மௌனம் பேசியதே’. மூன்று பேர் சொன்னதும் சரி.

சினிமா பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். கேள்வி தொளதொளவென்று இருந்தால் விடையும் அப்படித்தான் வரும். முதல் படம் என்றால் முகம் காட்டியதா, ஒப்பந்தமானதா, வெளியானதா, நாயகனாக நடித்ததா? விஜய்க்குக் குழந்தை நட்சத்திரமாக ‘வெற்றி’ (1984), நாயகனாக ‘நாளைய தீர்ப்பு’ (1992). எம்.ஜி.ஆரின் முதல் படம் 1936இல் வந்த ‘சதி லீலாவதி’. அதில் அவருக்குச் சின்ன வேடம். கதாநாயகனாக அவர் நின்றது ‘ராஜகுமாரி’யில், 1947இல். நடுவில் பதினோரு வருடம்! எந்த ‘முதல்’ என்று சொல்லாமல் கேட்டால், தேடுபொறி தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து நீட்டிவிடும்.

பள்ளிப் பொது அறிவுப் புத்தகத்தில் வரும் கேள்விக்கும் இதே கதிதான். முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. இயக்கியவர் எச்.எம்.ரெட்டி, நாயகி டி.பி.ராஜலட்சுமி. இதுவரை யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தில் நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். பாட்டுகளிலும் தெலுங்கு உண்டு. ‘முழுக்க முழுக்கத் தமிழில் பேசிய முதல் படம் எது’ என்று கேள்வியைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், விடை 1932ஆம் ஆண்டுப் படங்களுக்குப் போய்விடும்.

ஆகவே தேடப் போகுமுன் கேள்வியை ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள். அதன்பிறகுதான் எங்கே தேடுவது என்ற விஷயம்.

பொய்யானால் யாருக்கு நஷ்டம்?

கூகுளில் ஒரு நடிகரின் பெயரைப் போட்டால் பக்கத்தில் ஒரு பெட்டி வருகிறது. வயது, உயரம், பிறந்த ஊர், மனைவி பெயர் எல்லாம் அதில் இருக்கும். அது கூகுள் தானாகக் கண்டுபிடித்தது அல்ல. பெரும்பாலும் விக்கிப்பீடியாவிலிருந்தும் அதுபோன்ற தளங்களிலிருந்தும் எடுத்துப் போட்டது. விக்கிப்பீடியாவில் அதை எழுதியவர் ஏதோ ஒரு செய்தித் தளத்தைப் பார்த்து எழுதியிருப்பார். அந்தச் செய்தியை எழுதிய நிருபர், அவசரத்தில், விக்கிப்பீடியாவின் பழைய பதிப்பைப் பார்த்திருக்கவும் கூடும். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்கிறார்கள். பத்துத் தளங்களில் ஒரே தகவல் இருப்பதால் மட்டும் அது பத்துச் சாட்சி ஆகிவிடாது. பத்தும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். ஒரே எழுத்துப்பிழை, ஒரே விநோதமான வாக்கியம் பல தளங்களில் தென்பட்டால் அது நகலெடுத்த சமாசாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே பார்க்க வேண்டியது, இந்தத் தகவலை முதன்முதலில் யார், எதற்காக எழுதிவைத்தார்கள் என்பது. அந்த முதல் பதிவைத்தான் மூலம் என்கிறோம். மூலம் நல்ல மூலமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இது தப்பாக இருந்தால் எழுதியவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா?

வேட்பு மனுவில் சொத்தை மறைத்தால் வழக்கு வரும். இசைத்தட்டில் பாடகர் பெயரை மாற்றிப் போட்டால் அவரே சண்டைக்கு வருவார். தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் தப்பாக இருந்தால் தியேட்டரில் சிக்கல். இவை எல்லாம் ரசிகர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. வேறு காரியத்துக்காக எழுதப்பட்டவை. அதனாலேயே நமக்கு உதவுகின்றன. இதற்கு மாறாக, ‘பிரபல நடிகரின் சொத்து மதிப்பு தெரியுமா?’ என்று தலைப்பு வைக்கும் தளத்துக்குத் தப்பாகச் சொன்னால் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. எண் பெரிதாக இருந்தால் லாபம்தான்.

யார் எழுதிய பாட்டு, யார் பாடியது

‘தரைமேல் பிறக்க வைத்தான், எங்களைத் தண்ணீரில் பிழைக்க வைத்தான்’ பாட்டைக் கேட்டதும் ‘கண்ணதாசனைப் போல யார் எழுத முடியும்!’ என்று உருகுகிறவர்கள் ஏராளம். எழுதியவர் வாலி. 1964இல் வந்த ‘படகோட்டி’யின் எல்லாப் பாடல்களும் அவருடையவை. ‘பணம் படைத்தவன்’ படத்தின் ‘கண் போன போக்கிலே கால் போகலாமா’வும் வாலிதான். அதையும் கண்ணதாசன் பெயரில் தத்துவப் பாடல் தொகுப்புகளில் போட்டுவைத்திருக்கிறார்கள். குற்றம் சொல்லவும் முடியாது. அதே விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, அதே டி.எம்.சௌந்தரராஜன் குரல், அதே எம்.ஜி.ஆர். காதுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. காதை நம்பி ஆசிரியர் பெயர் சொல்வது ஆபத்து.

இதற்கு ஒழுங்கான மூலம் பாட்டுப் புத்தகம். இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. முன்பெல்லாம் தியேட்டர் வாசலில் சில காசுகளுக்கு ஒரு மெல்லிய புத்தகம் விற்பார்கள். அட்டையில் நட்சத்திரங்களின் படம். உள்ளே நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பட்டியல். அப்புறம் கதைச் சுருக்கம். கதை சூடுபிடிக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தி ‘மீதியை வெண்திரையில் காண்க’ என்று போட்டுவிடுவார்கள். பின் பக்கங்களில் பாட்டுகள், எழுதியவர், பாடியவர் பெயரோடு. படம் வெளியாகும் சமயத்தில் தயாரிப்புத் தரப்பே தந்த விவரம் என்பதால் ஐம்பது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் சேகரிப்பாக இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து பிறந்த நூலகம் அது.

நூலகத்துக்குப் போக முடியாதவர்களுக்கு இசைத்தட்டு லேபிள் இருக்கிறது. தட்டின் நடுவட்டத்தில் பாட்டு, படம், பாடியவர், இசையமைப்பாளர், பல தட்டுகளில் பாடலாசிரியர் எல்லாம் அச்சாகியிருக்கும். சேகரிப்பாளர்கள் அதைப் படமெடுத்து இணையத்தில் போடுகிறார்கள். யூடியூபில் பார்ப்பதானால் பாட்டின் உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்தின் சொந்தச் சேனலைப் பாருங்கள். ‘எவர்கிரீன் சோகப் பாடல்கள்’ வகைத் தொகுப்புகளின் கீழே இருக்கும் பெயர்களை நம்ப வேண்டாம். பாட்டுச் செயலிகளில் ‘கலைஞர்’ என்ற இடத்தில் பாடகர், இசையமைப்பாளர், சில நேரம் நடிகர் பெயர்கூடக் கலந்து வரும். அதைப் பார்த்துவிட்டு ‘எம்.ஜி.ஆர் பாடியது’ என்று பந்தயம் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

படத்தின் டைட்டில் கார்டும் நல்ல சாட்சிதான். ஆனால் அதில் எல்லாமும் வராது. எண்பதுகளில் நடிகர் மோகனுக்குப் பல படங்களில் வசனக் குரல் கொடுத்தவர் எஸ்.என்.சுரேந்தர். அது வெகுகாலம் பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. இந்த மாதிரி விஷயத்தில் சம்பந்தப்பட்டவரின் பேட்டியே கதி. பேட்டியை எப்படி எடுத்துக்கொள்வது? தான் செய்த வேலையைப் பற்றி ஒருவர் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். அது நடந்த வருடம், ஓடிய நாள், வாங்கிய சம்பளம் ஆகியவற்றைச் சொன்னால் வேறு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. நினைவு தேதியைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை.

எந்த வருஷத்து விருது?

விருது விஷயத்தில் குழப்பம் அதிகம். ஒரே விருதுக்கு மூன்று தேதிகள் உண்டு. சூர்யா ‘சூரரைப் போற்று’ படத்துக்காகச் சிறந்த நடிகர் தேசிய விருது பெற்றார், அஜய் தேவ்கனோடு பகிர்ந்து. எந்த வருடம்? அது 2020ஆம் ஆண்டுக்கான, 68ஆவது தேசிய விருது. அறிவித்தது 2022 ஜூலையில். கையில் கொடுத்தது 2022 செப்டம்பர் 30. ‘2020’ என்று எழுதுகிறவரும் ‘2022’ என்று எழுதுகிறவரும் அவரவர் வழியில் சரி. தேசிய விருதுக்கு அந்தந்தக் காலண்டர் ஆண்டில் தணிக்கைச் சான்று பெற்ற படங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். டிசம்பரில் சான்று வாங்கி ஜனவரியில் பொங்கலுக்கு வரும் படம் எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

ரஜினிகாந்துக்குத் தாதாசாகேப் பால்கே விருதும் இப்படித்தான். 2019ஆம் ஆண்டுக்கான விருது, 2021 ஏப்ரலில் அறிவிப்பு, அக்டோபரில் வழங்கியது. தமிழக அரசின் திரைப்பட விருதுகளோ தனிக்கதை. 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டு விருதுகளையும் சேர்த்து 2017 ஜூலையில் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். ஆகவே விருது பற்றி எழுதும்போது ‘2020ஆம் ஆண்டுக்கான’ என்று ‘க்கான’ போட்டு எழுதிவிடுங்கள். பிறகு யாரும் பிடிக்க முடியாது.

ஆஸ்கர் விஷயம் இதைவிடச் சிக்கல், சுவாரசியமும் அதிகம். ‘ஆஸ்கருக்குத் தேர்வான தமிழ்ப் படம்’ என்ற தலைப்பைப் பார்த்தால் எந்தப் படிக்கட்டில் நிற்கிறது என்று கேளுங்கள். படிகள் நாலு.

சர்வதேசத் திரைப்படப் பிரிவில் ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை அனுப்பலாம். இந்தியாவில் அதைத் தேர்வு செய்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் குழு. இது முதல் படி. இந்த வழியில் போன தமிழ்ப் படங்கள் பல. 1969இல் ‘தெய்வமகன்’, பின்னர் ‘நாயகன்’, ‘தேவர் மகன்’, ‘விசாரணை’, 2021இல் ‘கூழாங்கல்’. ஒன்றுகூட அந்தப் பிரிவின் இறுதி ஐந்துக்குள் போகவில்லை. இந்தியப் படங்களிலேயே அந்த ஐந்துக்குள் போனவை மூன்றுதான்: ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’. மூன்றும் பரிசு வாங்கவில்லை.

இன்னொரு கதவும் உண்டு. அமெரிக்காவில் திரையிடுவது உள்ளிட்ட சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் எந்தப் படமும் பொதுப் பிரிவுகளில் போட்டியிடத் தகுதி பெறும். அந்தத் தகுதிப் பட்டியலை ஆஸ்கர் வழங்கும் அகாடமி ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும். 2021இல் அதில் 366 படங்கள் இருந்தன. ‘சூரரைப் போற்று’ அதில் ஒன்று. 2022இல் 276 படங்கள், ‘ஜெய் பீம்’ அதில் ஒன்று. இங்கே வந்த தலைப்புகளைப் படித்தவர்கள் பரிசே வாங்கிவிட்டது போலக் கொண்டாடினார்கள். 276 பேரில் ஒருவராக இருப்பது வரிசையில் நிற்க டோக்கன் வாங்கியதற்குச் சமம். அதற்குமேல் ஒன்றுமில்லை. படம் நல்ல படமா என்பது வேறு விஷயம்.

அடுத்தது சுருக்கப் பட்டியல், பல பிரிவுகளில் பதினைந்து பெயர்கள். அதற்குமேல்தான் நாமினேஷன், பெரும்பாலான பிரிவுகளில் ஐந்து. ‘நாட்டு நாட்டு’ பாட்டு 2022 டிசம்பரில் பதினைந்துக்குள் வந்து, 2023 ஜனவரியில் ஐந்துக்குள் வந்து, மார்ச்சில் பரிசை வாங்கியது. கீரவாணியும் சந்திரபோஸும் மேடை ஏறினார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 2009இல் ஒரே இரவில் இரண்டு வாங்கினார், பின்னணி இசைக்கு ஒன்று, குல்சாரோடு சேர்ந்து பாட்டுக்கு ஒன்று. அவை ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ என்ற பிரிட்டிஷ் படத்துக்கு. ‘இந்தியப் படத்துக்கு ஆஸ்கர்’ என்று அதை எழுதினால் அது பிழை. இதையெல்லாம் சரிபார்க்க அகாடமியின் சொந்த இணையதளத்தில் தேடும் வசதி இருக்கிறது. 1929இல் நடந்த முதல் விழாவிலிருந்து பெயர் போட்டுத் தேடலாம். ஒரு நிமிட வேலை.

வசூல் எத்தனை கோடி?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் டிக்கெட் விற்பனையை எண்ணித் தணிக்கை செய்து எல்லோருக்கும் வெளியிடும் பொது அமைப்பு எதுவும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற இடங்களில் காம்ஸ்கோர் என்ற நிறுவனம் தியேட்டர்களிலிருந்து கணக்குத் திரட்டுகிறது. அதனால் நம் ஊர்ப் படங்களுக்கே வெளிநாட்டு வசூல் ஓரளவு தெளிவாகவும், உள்ளூர் வசூல் கலங்கலாகவும் இருக்கிறது.

அதோடு வசூல் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தொகைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு டிக்கெட் 177 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 177 முழுவதும் கிராஸ். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைக் கழித்தால் 150. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனியாக உண்டு. கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே விட்டுவிடுகிறேன். வரி போக மிஞ்சுவது நெட். அதில் தியேட்டர்காரர் பங்கை எடுத்துக்கொண்டு விநியோகஸ்தருக்குக் கொடுப்பது ஷேர். பாதிக்குப் பாதி என்று வைத்தால் 75 ரூபாய். பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் கூடுதலாகப் போகும், நாள் ஆக ஆகக் குறையும். ஒரே டிக்கெட்டை வைத்து ஒருவர் 177 என்கிறார், ஒருவர் 150 என்கிறார், ஒருவர் 75 என்கிறார். இதைக் கோடிகளில் பெருக்கிப் பாருங்கள். ஒரே படத்துக்கு ‘200 கோடி வசூல்’ போஸ்டரும் ‘விநியோகஸ்தருக்கு நஷ்டம்’ செய்தியும் ஒரே வாரத்தில் வருவது எப்படி என்று புரியும். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

போஸ்டரில் வருவது பெரும்பாலும் உலகளாவிய கிராஸ். சுடச்சுட எண்களை ட்வீட் செய்யும் ‘டிரேட் டிராக்கர்’களும் விநியோகஸ்தர்கள், தியேட்டர் மேலாளர்களிடம் கேட்டுத்தான் சொல்கிறார்கள். சிலர் நன்றாகக் கேட்கிறார்கள், சிலர் கேட்டதாகச் சொல்கிறார்கள். ‘செங்கல்பட்டு ஏரியா’, ‘கோவை ஏரியா’, ‘எம்.ஆர்’ என்று மதுரை–ராமநாதபுரம் பகுதியையும் பிரித்துச் சொல்கிறவர் ஒட்டுமொத்தமாக ஒரு எண்ணை வீசுகிறவரைவிட மேல். பிரித்துச் சொன்னால் பிடிபடும் அபாயம் அவருக்கு இருக்கிறது.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் தயாரித்த படமானால் வேறு ஒரு வழி உண்டு. சன் பிக்சர்ஸ், சன் டிவி நெட்வொர்க்கின் ஒரு பகுதி. அந்த நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். பெரிய படம் வந்த காலாண்டில் வருமானம் எவ்வளவு கூடியது என்று அதில் பார்க்கலாம். படத்தின் துல்லிய வசூல் கிடைக்காது, ஆனால் போஸ்டர் எவ்வளவு தூரம் ஊதியிருக்கிறது என்று ஒரு மதிப்பு கிடைக்கும். அதற்குமேல் தேடாதீர்கள். உங்கள் நண்பரிடம் விவாதத்தில் ஜெயிக்க இது போதாது என்றால், அந்த விவாதம் ஜெயிக்கக்கூடிய விவாதமே அல்ல.

சொத்து, வயது, படிப்பு

நடிகர்களின் ‘நிகர மதிப்பு’ சொல்லும் தளங்கள் வெறும் ஊகம். ஒரு படத்துக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு, ஒரு பங்களா, இரண்டு கார் என்று கூட்டி டாலரில் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். வரி, கடன், கட்டிய வட்டி எதுவும் கணக்கில் வராது. எப்போதும் முழு எண்ணாக, ஐம்பது நூறு என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆனால் நடிகர் தேர்தலில் நின்றால் நிலைமை மாறுகிறது. வேட்பு மனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். வயது, படிப்பு, ஐந்து ஆண்டு வருமானம், கையிருப்பு, நகை, வண்டி, நிலம், வீடு, கடன், வழக்கு எல்லாம் அதில் எழுத வேண்டும். பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கீழ் தண்டனை உண்டு. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் நின்றபோது காட்டிய சொத்து சுமார் 177 கோடி ரூபாய். 2025இல் மாநிலங்களவைக்கு மனு செய்தபோது சுமார் 305 கோடி. நிலத்தின் மதிப்பை அவரவரே சொல்கிறார்கள் என்பதால் இதுவும் கல்வெட்டு அல்ல. கடனைத் தனியாகக் காட்டுவதால் அதையும் பார்த்துத்தான் நிகரம் சொல்ல முடியும். இருந்தாலும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட காகிதம்.

பிறந்தநாளும் நாம் நினைப்பதுபோல எளிது அல்ல. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அன்று கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால் தன் பிறந்தநாளை ஒரு நாள் முன்னதாக, ஜூன் 2இல் கொண்டாடுவது என்று வைத்துக்கொண்டார். அவருக்கு ‘இசைஞானி’ பட்டம் தந்தவர் கருணாநிதி. இரண்டு தேதிகளும் இணையத்தில் கிடைக்கும், இரண்டுக்கும் காரணம் உண்டு. இப்படி முரண்பட்ட இரண்டு தகவல்கள் கிடைத்தால் ஒன்றைப் பொய் என்று தூக்கி எறியுமுன், இரண்டும் எப்படி வந்தன என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். அங்கேதான் நல்ல கதை இருக்கும்.

காலமானார் என்ற செய்தி

அவசரமாகச் சரிபார்க்க வேண்டியதும் அவசரப்படவே கூடாததும் இந்த ஒரு செய்திதான். 2020 ஜூன் மாதம் எஸ்.ஜானகி இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவியது. அவர் நலமாகத்தான் இருந்தார். காலையிலிருந்து போன்மேல் போன் வந்து நொந்துபோன எஸ்.பி.பாலசுப்ரமணியம் வீடியோ போட்டு மறுக்க வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப்தான் கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 5 மாலை ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில தொலைக்காட்சிகளே அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. அதிகாரப்பூர்வமாக அவர் இறந்த நேரம் அன்றிரவு 11.30. தொலைக்காட்சியே சொன்னதால் பலரும் நம்பினார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று சொன்னதாகவும் இருக்கலாம்.

இந்த வகைச் செய்தியில் மூன்று பேரில் ஒருவராவது வாய் திறக்கும்வரை பொறுங்கள்: மருத்துவமனை, குடும்பத்தார், அல்லது அவர் சார்ந்த சங்கம். ‘மருத்துவமனை வட்டாரங்கள்’ என்றால் அது மருத்துவமனை அல்ல. ‘நெருங்கிய வட்டாரம்’ என்றால் யாரும் அல்ல.

அதே ‘வட்டாரம்’ தான் காதல், கல்யாணம், விவாகரத்துச் செய்திகளிலும் வேலை பார்க்கிறது. கிசுகிசுப் பத்திகளில் பெயரைப் போடாமல் ‘மூன்றெழுத்து நடிகை’, ‘உயர்ந்த நடிகர்’ என்று விடுகதை போடுவார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் ‘நாங்கள் யாரையும் சொல்லவில்லையே’ என்று கழன்றுகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. எழுதியவரே பொறுப்பேற்காத ஒன்றுக்கு நாம் ஏன் ஏற்க வேண்டும்? சம்பந்தப்பட்டவர் சொல்லும்வரை இதற்கெல்லாம் விடை கிடையாது, தேடுவதும் வீண்.

சாட்பாட்டைக் கேட்டால்?

இப்போது பலரும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிடுகிறார்கள். கேட்கலாம். பழைய தமிழ்ப் பாடல்கள், துணை நடிகர்கள், விருது ஆண்டுகள் ஆகியவற்றில் அது தடுமாறும். தடுமாறுவது தெரியாத அளவுக்குச் சரளமாகச் சொல்லும், அதுதான் வம்பு. ‘இது எந்த ஆவணத்தில் இருக்கிறது’ என்று கேட்டு, அது தரும் இணைப்பைத் திறந்து, நீங்களே படியுங்கள். இணைப்பு திறக்கவில்லை என்றாலோ, திறந்த பக்கத்தில் அந்தத் தகவல் இல்லை என்றாலோ விடையை விட்டுவிடுங்கள். விக்கிப்பீடியாவுக்கும் இதே முறைதான். கட்டுரையைப் படிப்பதைவிட அடியில் உள்ள மேற்கோள்களைப் படிப்பது லாபம். ஐஎம்டிபியில் தகவல்களைப் பயனர்களும் சேர்க்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பெரிய படங்களுக்குப் பரவாயில்லை, அறுபதுகளின் தமிழ்ப் படத்துக்குக் கைகொடுக்காது.

சின்னச் சின்னக் கேள்விகளுக்குச் சுருக்கு வழிகள் இருக்கின்றன. படம் எந்த ஓடிடியில் வரும் என்பதற்குப் படத்தின் ஆரம்பத்தில் நன்றி சொல்லும் கார்டுகளைப் பாருங்கள், டிஜிட்டல் பார்ட்னர் பெயர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். படம் எத்தனை நிமிடம், குழந்தைகளோடு பார்க்கலாமா என்பதற்குப் படம் தொடங்கும்முன் சில நொடிகள் வரும் தணிக்கைச் சான்றிதழ். 2024 இறுதியிலிருந்து யு/ஏ சான்றில் 7, 13, 16 என்று வயதும் பிரித்துப் போடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் அந்த நொடிகளில் பாப்கார்ன் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் தேடியும் தீராத கேள்விகளும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’. அது வந்த ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. படத்தின் பிரதி எங்கும் இல்லை, எடுத்துப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. இதைப் பற்றி எழுத நேர்ந்தால் ‘1916க்கும் 1918க்கும் இடையில்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.